கச்சான் காற்றும் மிக் மெஷினும்

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மண்முனைப் பாலத்தைக் கடந்து ஒரு ட்ரக்டர் பெட்டி ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் வந்து நின்றது. ட்ரக்டரில் கொளுவுகிற முன்சட்டம் இருக்கிறதே, அந்த முக்கோணத்தின் இடது கை பிளந்துபோய், சங்கிலியும் நைலோன் கயிறும் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டோடு கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். பெட்டி வெறுமையாக இருந்ததால் பிழைத்தது. நெல் மூட்டை ஏற்றியிருந்தால் பாலத்தில் வைத்தே கழன்றிருக்கும்.

வயல்காரரான போடியார் மாமா ட்ரக்டரால் இறங்கி வந்து என் வெல்டிங் பட்டறையை ஒரு தடவை நோட்டம் விட்டார். புது மெஷின் மூலையில் சிவப்பாக நின்றது.

“மனே, இந்தப் புதுச் சாமானால ஒருக்கா வடிவா ஒட்டித் தா. திங்கக்கிழம வெட்டு.”

சிறுபோக அறுவடை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் திங்கள் வெட்டு என்றால் திங்கள் வெட்டுத்தான், அதைத் தள்ளிப்போடச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. ஓம் என்று தலையாட்டினேன். ஆட்டும்போது எனக்கு இருந்த துணிச்சலுக்குக் காரணம் சித்திரையில் செய்த ஒரு வேலை. அதைச் சொல்லாமல் இந்தப் பெட்டியின் கதை விளங்காது.

என்னிடம் முதலில் இருந்தது ஒரு பழைய ஒயில் வெல்டிங் பிளான்ட் மட்டும். ஏசி கரண்ட். நாலு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். கேட், கிரில், நீர்த்தாங்கி ஸ்டாண்ட் என்று என் சாப்பாட்டை இத்தனை வருடமும் தந்தது அதுதான். மாசியில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 200 அம்பியர் இன்வேட்டர் மெஷின் ஒன்று வாங்கினேன். மிக், ரொட், டிக் மூன்றும் ஒரே மெஷினுக்குள். மிக் என்றால் வயரை மெஷினே தள்ளித் தரும், சிலிண்டர் காஸ் உருகிய இடத்தைக் காக்கும். ரொட் என்றால் பூச்சுள்ள கம்பியைக் கையால் பிடித்து ஒட்டுவது. டிக் என்றால் உருகாத ஊசியால் சூடாக்கி, நிரப்புக் கம்பியைத் தனியாகக் கொடுப்பது. வாங்கிய கையோடு பழைய பிளான்ட்டை விற்கப்போகிறேன் என்று நாலு இடத்தில் சொல்லியும் விட்டேன்.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கிழமை, கல்லடியிலிருந்து மச்சான் தன் டொல்பின் வானைக் கொண்டுவந்து விட்டான். கடற்கரைக்கு 200 மீற்றரில் வீடு, வான் நிற்பது வெளியில். உப்புக் காற்று வாசலடிப் பெட்டியை, அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற அந்தக் குழலை, உள்ளிருந்து தின்றுவிட்டது. வெளியில் பெயின்ட் கொப்புளம் மாதிரித்தான் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரை போய்விட்டது. இப்படியான இடத்தில் ஓட்டையை மறைக்கிற கட்டலோய்ப் பசையைப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வானில் ஏறிப் போகிற பிள்ளைகளை நினைத்தால் அந்த வேலைக்குக் கை வராது.

வான் தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர். ஒரு பரீட்சைக்காகப் பழைய பிளான்ட்டில் 2 மில்லிமீற்றர் ரொட் போட்டுப் பார்த்தேன். குறைந்த அம்பியரில் வைத்தால் ரொட் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது, கொஞ்சம் கூட்டினால் தகடு ஓட்டையாகிறது. அந்த ஓட்டையை அடைக்கப் போய், ஒரு ரூபாய்க் குற்றி அளவில் இருந்தது சிரட்டை அளவுக்கு வந்தது. மச்சான் பக்கத்தில் நின்று, “என்ன மச்சான், வானைக் கழிச்சுக் கட்டப் போறியா?” என்றான்.

எங்கள் பக்கத்தில் இந்த வேலையை முந்தி காஸ் வெல்டிங்கால் செய்தார்கள். ஒட்சிசனும் அசெற்றிலீனும். நான் வேலை பழகிய டிங்கர் மாமா இன்றைக்கும் அதுதான் ஒழுங்கான வேலை என்று சொல்லுவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: காஸால் ஒட்டிய இடம் மெதுவாக ஆறுவதால் இளகியிருக்கும், சுத்தியலால் தட்டி மட்டமாக்கலாம், தேய்த்தால் ஒட்டு எங்கே என்று தெரியாது. மிக் ஒட்டு இறுகிப்போகும், தட்ட வராது, கிரைண்டரால்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் காஸ் சுவாலை சுற்றியுள்ள தகட்டையும் சேர்த்துச் சூடாக்கும், தகடு அப்பளம் மாதிரி வளையும். அதைத் திரும்ப நேராக்க அவர் கை வேண்டும். எனக்கு அந்தக் கை இல்லை. இரண்டு சிலிண்டரையும் வீட்டு வளவில் வைத்திருக்கிற தைரியமும் இல்லை. அசெற்றிலீனைப் படுக்கவைக்கக் கூடாது, ரெகுலேற்றரில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏற்றக் கூடாது, செப்புக் குழாயைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் பந்தடிக்கிற வளவில் அதெல்லாம் நடவாது.

அதனால் மிக். 0.8 மில்லிமீற்றர் வயர் போட்டேன். இந்தத் தகட்டுக்கு 0.6 இன்னும் நல்லது, ஆனால் அந்த நேரம் காத்தான்குடியில் ஏறி இறங்கிய கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. காஸ், ஆர்கனும் கார்பன் டயொக்சைட்டும் கலந்தது. 15 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், வயர் வேகம் காதால் கேட்டுத்தான் வைத்தேன். தோசைச் சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி சீரான சத்தம் வந்தால் சரி. வயர் வெளியே வருகிற கைப்பிடியை, அதாவது துப்பாக்கியை, பிடித்திருக்கிற கையை அது உதைக்கிற மாதிரி இருந்தால் வயர் வேகம் அதிகம், நுனியில் உருண்டை திரண்டு சொட்டினால் வேகம் குறைவு.

கறள் தின்ற தகட்டை வெட்டி எறிந்தேன், நல்ல தகடு வரும்வரை. இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது. கறளில் மிக் ஒட்டாது, ஒட்டின மாதிரி நடிக்கும். புதுத் தகட்டை அளவாக வளைத்து வைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி. ஒரு பக்கம் ஒரு புள்ளி வைத்தால் அடுத்தது மற்ற அந்தத்தில். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு மறுபடி. பின்னால் ஒரு தடித்த செப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டால் ஓட்டை விழாது, செப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், உருக்கும் அதில் ஒட்டாது. ஒரு முழுநாள் போனது ஒரு பக்கத்துக்கு. தொடங்க முன் பற்றரி வயரைக் கழற்றியிருந்தேன். சீற்றையும் கார்ப்பெட்டையும் கழற்றச் சோம்பல்பட்டதில் பின் சீற்றின் ஸ்பொன்ஞ் புகையத் தொடங்கி, மச்சான் ஒரு வாளித் தண்ணீரை வானுக்குள் ஊற்றினான். அது என் பிழை. இப்போது கழற்றாமல் தொடங்குவதில்லை, நனைத்த சாக்கு ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

பெயின்ட் அடித்து வந்த வானைப் பார்த்தபோது ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு ஏறிய தலைக்கனம்தான் ஆடி வரை இறங்காமல் இருந்தது.

இனிப் பெட்டிக்கு வருகிறேன்.

சட்டம் சனல் இரும்பு, அதாவது ப வடிவில் மடிந்தது, கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர் கனம். பெட்டி பட்டறைக்குள் நுழையாது. வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். ஆடியில் இங்கே என்ன காற்று என்று மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து வருகிற கச்சான், காலையில் தொடங்கினால் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் போகும். (யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் கச்சான் அடிக்கிறது என்று தொலைபேசியில் சொன்னேன், அவர் கடலை வறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.)

சட்டத்தில் கை வைக்க முன் அதே கனத்தில் இரண்டு துண்டு வெட்டி, மரத்தடியிலேயே மிக்கால் ஒட்டிப் பார்த்தேன். இந்த ஒரு நல்ல பழக்கம் டிங்கர் மாமா அடித்துப் பழக்கியது. முதல் ஒட்டு புழுத்தின்ற கத்தரிக்காய் மாதிரி. மேலெல்லாம் ஓட்டை. காற்று காஸைத் தள்ளிக்கொண்டு போகிறது, உருகிய இரும்பு வெறும் காற்றைக் குடிக்கிறது. காஸைக் கூட்டினேன், நிமிடத்துக்கு 12 லீற்றரிலிருந்து 20க்கு. இன்னும் மோசம். பிறகுதான் விளங்கியது, காஸ் வேகம் கூடினால் அது சுழன்று சுற்றியிருக்கிற காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். மணிக்கு 8 கிலோமீற்றர் காற்றே மிக்குக்கு அதிகம் என்பார்கள். மரத்து இலை அசைகிற காற்று அது. கச்சானுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு காற்றா?

சரி என்று படங்கைக் கட்டி மறைத்தேன். இப்போது ஒட்டு வடிவாக வந்தது. மீன் செதில் அடுக்கின மாதிரி. போடியார் மாமா பார்த்து, “ஆ, இதுதான்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். துண்டை வைஸில் பிடித்து, பெரிய சுத்தியலால் ஒட்டின பக்கம் திறக்கிற மாதிரி அடித்தேன். மூன்றாவது அடியில் கழன்று விழுந்தது.

கழன்ற இடத்தைப் பார்த்தால் ஒரு பக்க இரும்பில் கிரைண்டர் கீறின கோடு அப்படியே இருக்கிறது. அதாவது அந்த இரும்பு உருகவே இல்லை. வயர் மட்டும் உருகி, அதன்மேல் வடிவாகப் படுத்திருக்கிறது. வெண்ணெய் பூசின பாண் மாதிரி.

காரணம் மிக் வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. சின்ன மெஷினில், குறைந்த வோல்ட்டில், வயர் இரும்பைத் தொட்டு, சோர்ட் ஆகி, உருகி அறுந்து, மறுபடி தொட்டு, இப்படி ஒரு செக்கனில் நூறு தடவைக்குக் கிட்ட நடக்கிறது. ஒவ்வொரு தொடுகையிலும் சுவாலை அணைகிறது. அதனால்தான் சூடு குறைவு, அதனால்தான் வான் தகடு ஓட்டையாகவில்லை. சித்திரையில் என்னைத் தூக்கிவிட்ட அதே குணம் ஆடியில் காலை வாரியது. கனமான இரும்புக்குச் சூட்டைக் கூட்ட வேண்டும், கூட்டலாம், மெஷினில் 200 வரை எழுதியிருக்கிறது. ஆனால் என் வீட்டுக்கு வருவது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் கரண்ட். முழு அம்பியரில் இழுத்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. விழாத நேரத்தில் மெஷினே சூடேறி நின்றுவிடுகிறது. முன்னால் பெரிய எழுத்தில் 200 என்று போட்டிருப்பதை மட்டும் வாசித்து வாங்கினேன், பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த சதவீதத்தை வாசிக்கவில்லை. 200 அம்பியரில் 30 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஒட்டலாம், ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அன்றிரவு போடியார் மாமாவைச் சாப்பிட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு மிக் துப்பாக்கியைக் கழற்றிவைத்தேன். சனிக்கிழமை காலை அதே மெஷினில் ரொட் பிடிக்கிற ஹோல்டரை மாட்டினேன்.

முதலில் வெடிப்பு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது முக்கால்வாசிதான். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, மேலே வடிவாகத் துடைத்துக் காயவிட்டு, வெண்கட்டித் தூளைத் தடவினேன். வெடிப்புக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் ஊறி வெளியே வரும், வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். நான் நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தது. அந்த அந்தத்தில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டேன். கூரான நுனியில்தான் வெடிப்பு ஓடும், வட்டத்தில் வந்தால் நிற்கும்.

பழைய ஒட்டைக் கிரைண்டரால் திறந்தபோது உள்ளே கசடு, கறள், அதற்குமேல் ஒட்டு, அதற்குமேல் பெயின்ட், மறுபடி ஒட்டு. பலாப்பழத்தை வெட்டின மாதிரி படை படையாக. யாரோ மூன்று தடவை அவசரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். மூன்றில் ஒன்று நானாகவும் இருக்கலாம், ஞாபகமில்லை. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, வெடிப்பை வீ வடிவில் அடிவரை திறந்தேன். ஒட்டுவதற்கு எடுத்த நேரத்தைப்போல் மூன்று மடங்கு இதற்குப் போனது.

ரொட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ரொட் என்றால் 6013தான். கடையில் எண் சொல்லாமல் கேட்டால் அதுதான் வரும். நல்ல ரொட், லேசாகப் பற்றும், ஏசியிலும் ஓடும், கசடு தட்டினால் கழரும். கேட்டுக்கும் கிரிலுக்கும் வேறெதுவும் வேண்டாம். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து பாரம் இழுக்கிற சட்டத்துக்கு நான் 7018 எடுப்பேன். முன்னால் வருகிற 60, 70 என்பது ஒட்டின் இழுவைப் பலம், சதுர அங்குலத்துக்கு இத்தனை ஆயிரம் இறாத்தல். அடுத்த 1 என்றால் நின்றும் படுத்தும் தலைக்கு மேலும் எப்படியும் ஒட்டலாம். கடைசி எண் மேற்பூச்சின் வகையைச் சொல்கிறது. 7018இன் பெருமை 70இல் இல்லை, அந்தப் பூச்சில் ஐதரசன் குறைவு என்பதில்தான். ஈரத்திலிருந்து வருகிற ஐதரசன் ஒட்டுக்குள் புகுந்தால், வேலை முடிந்து ஒரு நாள் கழித்துக்கூட ஒட்டுக்கு அடியில் வெடிக்கும்.

அதனால்தான் 7018 ஈரத்துக்குப் பயப்படுகிற ரொட். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் உள்ள ஊரில் திறந்த பக்கெட்டை நாலு மாதம் பரணில் வைத்துவிட்டு அதை 7018 என்று சொல்லக் கூடாது. என்னிடம் இருந்தது அப்படியான பக்கெட். திரும்பக் காயவைக்க 300 பாகைக்கு மேல் ஒரு மணித்தியாலம் வேண்டும். தெரிந்த நானா ஒருவரின் பேக்கரி போறணையைக் கேட்கலாமா என்று உண்மையாகவே யோசித்தேன், பாண் சுடுகிற சூடு அதற்குப் போதாது. கடைசியில் அதை ஒதுக்கிவிட்டுச் சீல் உடைக்காத புதுப் பக்கெட் வாங்கினேன். பழைய பிளான்ட்டில் இந்த ரொட் ஓடவும் மாட்டாது. அந்த ஏசியில் தொடக்க வோல்ட் குறைவு, இருமி இருமி அணைந்துவிடும். டிசி வேண்டும், ஹோல்டர் பிளஸ் பக்கம்.

ஏர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, சுரண்டின இரும்பில் பிடித்தேன். இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பெட்டிக்கு வசதியாக இருக்கிறதே என்று சில்லுப் பக்கம் கிளிப்பை மாட்டிவிட்டேன். கரண்ட் பெயாரிங் குண்டுகளுக்குள்ளால் போயிருக்கிறது. ஒரு மாதத்தில் அந்தச் சில்லு கிறுகுறு என்று கத்திக்கொண்டு திரும்பி வந்தது. பெயாரிங் காசு என் கையால்.

சட்டத்தைக் காஸ் அடுப்புத் தலையால் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, அடியில் 2.5 ரொட், 80 அம்பியர். மேல் நிரப்புக்கு 3.2 ரொட், 115. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் கசடைத் தட்டி, தூரிகை போட்டு, பளபளப்பைப் பார்த்துத்தான் அடுத்தது. காற்று வீசிக்கொண்டேதான் இருந்தது. ரொட் அதைச் சட்டையே செய்யவில்லை. பூச்சு எரிந்து வருகிற புகையும் மேலே படிகிற கசடும்தான் அதற்குக் காவல், சிலிண்டரை நம்பி அது இல்லை. படங்கைக்கூடக் கழற்றிவிட்டேன், சூட்டுக்கு இதமாக இருந்தது.

மேலே தாங்குதகடு ஒன்று வைத்தேன். 6 மில்லிமீற்றர் தகடு, பட்டம் மாதிரி சாய்சதுரமாக வெட்டியது. சதுரமாக வெட்டி நாலு பக்கமும் ஒட்டுவதுதான் வழக்கம், பார்க்கவும் கெட்டியாகத் தெரியும். ஆனால் சட்டத்துக்குக் குறுக்காக ஒரு நேர்கோட்டில் ஒட்டினால், அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டில்தான் வரும். சாய்ந்த ஒட்டு பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுகிறது. சனலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடவே இல்லை. முடிந்ததும் போடியார் மாமாவின் பையன் ஆறட்டும் என்று தண்ணீர் வாளியோடு வந்தான். நல்லகாலம், கண்டுவிட்டேன். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சாக்கைப் போட்டு மூடி ஞாயிறு காலை வரை விட்டோம். திங்கட்கிழமை பெட்டி வயலில் நின்றது.

இதற்குப் பிறகுதான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். சித்திரையிலிருந்து பில் புத்தகத்தைப் பார்த்துப் பின்னோக்கியும் நிரப்பினேன். புரட்டாதி முடிவு வரை 46 வேலை. 27 ரொட். 11 காஸோடு மிக். 6 காஸ் இல்லாத வயர். 2 என்னால் ஏலாது என்று வேறு ஆளிடம் அனுப்பியவை. புது மெஷின் வாங்கும்போது என் மனதில் இருந்த கணக்கு இதற்கு நேர் எதிர்.

அந்தக் காஸ் இல்லாத வயரைப் பற்றி: வயருக்குள்ளேயே பூச்சுத்தூள் இருக்கும், ரொட்டை உள்வெளியாகத் திருப்பின மாதிரி. காற்றில் ஓடும், சிலிண்டர் தேவையில்லை. கச்சானுக்கு இதுதான் மருந்து என்று ஒரு ரோல் வாங்கி மாட்டினேன். பொறி பறந்து முகமூடிக் கண்ணாடியெல்லாம் பொத்தல், ஒட்டு சாணி அப்பின மாதிரி. வயர் மட்டம் என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடை நானா ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, மெஷினுக்குள்ள பிளஸ் மைனஸ மாத்தினீங்களா?”

மாற்றவில்லை. காஸோடு ஓடுகிற வயருக்குத் துப்பாக்கி பிளஸ், இந்த வயருக்குத் துப்பாக்கி மைனஸ். மெஷின் கதவுக்குள் இரண்டு நட்டைக் கழற்றி மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். வயரைத் தள்ளுகிற உருளையும் பல்லுள்ளதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும், இறுக்கினால் வயர் நசுங்கும். மாற்றிய பிறகு வேறு வயர் மாதிரி ஓடியது. 2 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரில் வாசல் கேட், வீட்டுக்காரர் வளவிலேயே நின்று செய்கிற வேலை, இவற்றுக்கு இப்போது இதைத்தான் எடுக்கிறேன். வான் தகட்டுக்கு வேண்டாம், சூடு அதிகம். புகையும் ரொட்டை விட அதிகம்.

புகை என்றதும் நாகமுலாம் பூசின பைப் ஞாபகம் வருகிறது. கல்வனைஸ் பைப்பில் ஒட்டினால் வெள்ளைப் புகை எழும், பஞ்சு மாதிரி மிதக்கும். அது நாகம். ஒரு நாள் மூடிய அறைக்குள் அதில் கைப்பிடி ஒட்டிவிட்டு வந்தேன், இரவு குளிர் பிடித்து நடுங்கிக் காய்ச்சல், வாயில் இரும்பு கடித்த மாதிரி ருசி. விடிந்ததும் போய்விட்டது. பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் குடித்துவிட்டுத்தான் போனேன். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. முலாமை இரண்டு அங்குலம் சுரண்டிவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் கடந்து போகிற மாதிரி நின்று ஒட்டுவதுதான் வழி. கச்சான் உதவி செய்கிற ஒரே இடம்.

வேறு ஆளிடம் அனுப்பிய இரண்டில் ஒன்று ஓட்டோ எஞ்சின் கவர், மற்றது ஒரு ரேடியேற்றர் தொட்டி. இரண்டும் அலுமினியம். என் மெஷினிலும் டிக் இருக்கிறது, ஆனால் டிசி மட்டும். அலுமினியத்தின் மேல் ஒரு ஒக்சைட் தோல் இருக்கும். உள்ளே இருக்கிற அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், தோல் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். அதனால் டிசியில் போட்டால் தோல் அப்படியே இருக்க உள்ளே சோறு குழைந்த மாதிரி ஆகித் திடீரென்று விழுந்துவிடும். தோலை உடைக்க ஏசி டிக் வேண்டும். கல்முனைப் பக்கம் ஏசி டிக் வைத்திருக்கிற ஒருவரிடம் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். கவருக்குள் ஒயில் ஊறியிருக்கிறது, கழுவிக் கழுவி ஒட்டுவதற்கு இரண்டு நாள் வேண்டும் என்றார். கேட்டதைக் கொடுத்தேன். வருடத்தில் இரண்டு வேலைக்காக அந்த மெஷின் வாங்க எனக்கு விசர் இல்லை. துருப்பிடிக்காத உருக்குச் சைலன்சர் என்றால் என் டிசி டிக்கே போதும், சுத்த ஆர்கன், கை பதறாமல் இருக்க வேண்டும். மெதுவான வேலை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு செய்யத் தோதானது.

மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கியோடு வருகிறவர்களுக்கு மட்டும் எந்த மெஷினும் இல்லை. கழுவிவிட்டேன், காயவைத்தேன் என்று சொல்வார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: ரொட்டில் ஒரு கிலோ வாங்கினால் 600, 650 கிராம்தான் ஒட்டாகிறது, மிச்சம் கசடும் கட்டையும். மிக் வயரில் கிட்டத்தட்ட முழுவதும் ஒட்டாகும். கணக்கில் மிக் வெல்லும். ஆனால் சிலிண்டர் வைப்புப் பணம், காஸ் நிரப்ப ஓடுகிற ஓட்டம், தேய்ந்துபோகிற நுனி, உப்புக் காற்றில் கறள் பிடித்துத் தூக்கி எறிகிற அரை ரோல் வயர், இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. இப்போது வயர் ரோலை வேலை முடிந்ததும் கழற்றி, அரிசி வாளிக்குள் வைத்து மூடுகிறேன். மனைவி வாளியைத் தேடுகிறா. சுத்தமான கார்பன் டயொக்சைட் மலிவு, ஆழமாகவும் இறங்கும், பொறி அதிகம் பறக்கும். தகட்டுக்குக் கலவை, 3 மில்லிமீற்றருக்கு மேல் பட்டறைக்குள் செய்யும் வேலைக்கு மலிவானது என்று இரண்டு சிலிண்டர் வைத்திருக்கலாம் என்ற ஆசை இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றுதான்.

எக்ஸ்டென்ஷன் வயரை மாற்றியது பெரிய வித்தியாசம். முந்தி 20 மீற்றர் மெல்லிய வயர், அதுவும் சுருளாகவே கிடக்கும். தொட்டால் சுடும். அந்தச் சூடெல்லாம் ஒட்டுக்குப் போயிருக்க வேண்டிய கரண்ட். இப்போது 4 சதுர மில்லிமீற்றர் கேபிள், முழுவதும் விரித்துப் போடுவேன். 100 அம்பியரில் ரொட் ஓட்டினால் வீட்டு லைனில் 17, 18 அம்பியர் இழுக்கிறது, அதற்கு 13 அம்பியர் பிளக் காணாது என்று கணக்குப் போட்டுத் தனி இணைப்பும் எடுத்தேன். மாலை ஆறுக்குப் பிறகு ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரம் கனவேலை தொடங்குவதில்லை.

பழைய பிளான்ட்டை வாங்க ஐப்பசியில் ஒரு தம்பி வந்தான். காசோடுதான் வந்தான். மழை தொடங்கியிருந்தது. சிந்தித்துப் பார்த்தேன்: மழைக்காலத்துக் கேட் வேலை, புழுதி, ஈரம், எதற்கும் அது சலிக்காது. உள்ளே கெட்டுப்போக ஒரு சர்க்கிட் போர்ட்டும் இல்லை. பிறகு பார்ப்போம் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். டிங்கர் மாமா கேள்விப்பட்டுச் சிரித்தார். “பழைய கல்லடிப் பாலத்தைப் பாரு மனே, அவ்வளவும் ரிவெட். அத வித்துப்போட்டா புதுப் பாலம் கட்டினாங்க? பக்கத்தில நிக்குது.”

மாசியில் பெரும்போக வெட்டு முடிந்து போடியார் மாமா பெட்டியோடு மறுபடி வந்தார். ஒட்டு விட்டுவிட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின் கதவுக் கொண்டி வளைந்துவிட்டது, அதற்குத்தான் வந்திருக்கிறார். கொண்டியை விட்டுவிட்டு முதலில் முன்சட்டத்துக்குக் கீழே படுத்தேன். தேய்த்து, மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, வெண்கட்டித் தூள் தடவிக் காத்திருந்தேன். இடது கை வெள்ளையாகவே இருந்தது. சும்மா இருக்கட்டும் என்று வலது கையிலும் தடவினேன். ஐந்து நிமிடத்தில் பழைய ஒட்டின் ஓரமாக, மயிர் அளவில், ஈரக்கோடு ஒன்று எழும்பி வந்தது.

போடியார் மாமா குனிந்து பார்த்தார். “இது எப்ப மனே வந்த?”

கிரைண்டரை எடுத்துவரப் பையனை அனுப்பினேன்.